கருப்பட்டி நிறச் சுவர்

வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று பங்குத் தந்தையிடம் வந்து கேட்பாரும் உண்டோ என வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். உண்டு. பிள்ளையின் படிப்பு, பெண்ணின் வரன், பாகப்பிரிவினை ஆகியவற்றோடு இதுவும் நம் முன்னறைக்கு வந்து சேருகிறது. புதுமனை மந்திரிக்கவும் நோயாளரைச் சந்திக்கவும் வீடு வீடாகச் சென்று வருகின்ற நமக்கு, மக்களின் சுவர்களைப் பார்த்துப் பார்த்தே இதில் ஓரளவு பழக்கமும் ஏற்பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும்.

நாம் குருப்பட்டம் பெற்றுப் பணியில் இறங்கிய நாட்களில் கிராமப்புறத்து வீடுகளில் சுண்ணாம்பு வெள்ளையே மிகுதி. சற்று வசதியுள்ளோர் இளம் பச்சை அல்லது இளநீல டிஸ்டெம்பர் அடிப்பார்கள். பிறகு ஒரு காலம் வந்தது. அறைக்கு ஒரு வண்ணமாகக் கிளிப்பச்சை, ஊதா, ஆரஞ்சு எனக் கண்ணைப் பறித்தது. அந்தக் காலம் நமக்கு அவ்வளவாக உவப்பில்லை. ஆயினும் அவரவர் வீடு அவரவர்க்கு. இப்பொழுது சில ஆண்டுகளாக வேறொரு வண்ணம் உள்ளே நுழைந்திருக்கிறது. கருப்பட்டியைப் போன்ற, வறுத்த காப்பிக்கொட்டையைப் போன்ற, கைபட்டுக் கைபட்டு மெருகேறிய பழந்தேக்கைப் போன்ற கரும்பழுப்பு அது. உலகெங்கும் இதே போக்குத்தான் போலும். வண்ணங்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2025-ஆம் ஆண்டிற்குரிய வண்ணமாகத் தேர்ந்தெடுத்ததும் 'மோக்கா மூஸ்' என்னும் மென்பழுப்பையே.

இந்த வண்ணத்திற்கு நம் மொழியில் உறுதியான ஒரு பெயர் இல்லாமையும் கவனிக்கத்தக்கது. பழுப்பு என்னும் சொல், பழுத்து உதிரும் இலையின் நிறத்திலிருந்து வந்தது. அதில் மஞ்சளும் உண்டு, வெளிறலும் உண்டு. இலங்கைத் தமிழர் கபிலம் என்றும் மண்ணிறம் என்றும் வழங்குவர். கடையிலோ 'சாக்லேட் கலர்' என்றால்தான் எடுத்துத் தருகிறார்கள். நம் பங்கில் பனை மிகுதியாதலால் கருப்பட்டி நிறம் என்பதே எல்லாருக்கும் விளங்குகிறது. நாமும் அவ்வாறே சொல்லுவோம்.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தில் இந்த வண்ணத்தை முன்னிட்டு ஏறத்தாழ ஒரு திங்கள் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. மகன் வளைகுடா நாட்டில் 11 ஆண்டுகள் வண்ணம் பூசும் வேலை செய்து திரும்பியவர். தாயாருக்கு 80 அகவை நெருங்குகிறது, கணவரை இழந்தவர், பார்வை மங்கல். வீட்டின் முன்னறையில் வடக்குச் சுவரை ஒட்டிய கட்டில்தான் அவரது உலகம். அந்த அறையின் நான்கு சுவர்களுக்கும் கருப்பட்டி நிறம் பூசப்போவதாக மகன் சொன்னதும் பூசல் மூண்டது. இருவருக்கும் இடையில் அகப்பட்டுத் தவித்த மருமகள்தான் நம்மிடம் வந்தார்.

நாம் ஒரு மாலைப் பொழுதில் சென்று அமர்ந்தோம். தாயார் சொன்னார்: "சாமி, இவன் அப்பா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னாலே சுண்ணாம்பு கரைச்சு, கொஞ்சம் நீலம் சேர்த்து, இந்தச் சுவரை வெள்ளையடிப்பாரு. வாளியைப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்திலே நிப்பேன். அதுமேலே போய்க் கருப்பட்டிப் பாகை ஊத்தப்போறேன்கிறான். குழிக்குள்ளே போறதுக்கு முன்னாலேயே என்னை இருட்டிலே வைக்கணுமா?"

மகன் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "பாதர், அங்கே பெரிய பெரிய வீடுகளுக்கெல்லாம் இந்த வண்ணத்தைத்தான் அடிச்சேன். அடிச்சு முடிச்சதும் துணியை மடிச்சுக்கிட்டு வெளியே வந்துடணும். ஒரு நாளாவது அந்த அறையிலே நான் உட்கார்ந்ததில்லே. என் வீட்டிலே உட்கார்ந்து பார்க்கணும்னு ஆசை. வேற ஒண்ணுமில்லே."

இருவர் சொல்வதிலும் பொய்யில்லை. ஒருவருக்கு அந்த வெள்ளை கணவரின் கைவேலை. மற்றவருக்கு அந்தக் கருப்பட்டி நிறம் தம் 11 ஆண்டு உழைப்பு. இத்தகைய வழக்கில், பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. அவ்வாறு செய்ய நமக்கு மனம் வரவில்லை. வண்ணத்தைப் பற்றியே பேசத் தொடங்கினோம். அதைப் பற்றி ஓரளவு படித்திருந்தோம்; மகனோ அதைக் கையால் அறிந்தவர்.

இந்த நிறத்தின் பிறப்பு மண். ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய பழுப்புகளில் தலையாயவை இரண்டு. ஒன்று 'சியன்னா', இத்தாலியின் சியன்னா நகரத்தின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று 'அம்பர்'. இப்பெயர் புனித அசிசியார் பிறந்த உம்பிரியா நாட்டுப்புறத்தால் வந்தது என்பர் சிலர். குருமடத்தில் நாம் கற்ற சிறிதளவு இலத்தீன் வேறொன்றையும் நினைவூட்டுகிறது: 'உம்பிரா' என்றால் நிழல். ஓவியத்தில் நிழல் தீட்ட உதவிய மண்ணாதலால் அப்பெயர் என்பாரும் உளர். சைப்பிரஸ் தீவின் அம்பர் பெரும்பெயர் பெற்றது. இம்மண்களில் இருப்பது இரும்புத் துரு. அம்பரில் மாங்கனீசும் கூடுதலாகக் கலந்திருப்பதால் அது இன்னும் கருமை கொள்கிறது. இவற்றைச் சூளையிலிட்டுச் சுட்டால், துருவோடு பிணைந்திருந்த நீர் வெளியேறி நிறம் சிவந்து ஆழமாகிறது. களிமண் செங்கல்லாவதைக் கண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இன்று கடையில் பொறி கலந்து தரும் பழுப்பிலும் பெரும்பாலும் இரும்பின் மஞ்சளும் சிவப்பும் கருப்பும்தான் உள்ளன. அவை தொழிற்சாலையில் பிறந்தவை, அவ்வளவே.

இங்கு ஒரு விந்தைச் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். முன்னாளில் 'மம்மிப் பழுப்பு' என்றொரு வண்ணம் ஐரோப்பாவில் விற்கப்பட்டது. எகிப்தின் பழங்கல்லறைகளிலிருந்து எடுத்துவரப்பட்ட பதனிட்ட உடல்களை அரைத்துச் செய்தது அது! ஆங்கில ஓவியர் எட்வர்டு பர்ன் ஜோன்ஸ் அது எதனால் ஆனது என்று அறிந்தவுடன், தம்மிடமிருந்த வண்ணக் குழலைத் தோட்டத்தில் குழி தோண்டி அடக்கம் செய்தார். இதைச் சொன்னபோது தாயார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, "இவன் வாங்கினதிலே அது இருக்காதே?" என்று கேட்டார். அன்று மாலை அவர் மகனை நோக்கிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பழுப்பு ஏழையின் நிறமாக இருந்ததையும் மறக்கலாகாது. சாயம் வாங்க வகையற்றவர்கள் ஆட்டு மயிரின் இயல்பான நிறத்திலேயே நெய்து உடுத்தினர். 1363-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஏர் பூட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் அத்தகைய முரட்டுத் துணியையே அணிய வேண்டும் என்று கட்டளையிட்டது. கப்புச்சின் துறவியரின் அங்கியும் அவ்வழி வந்ததே. அந்த அங்கியின் நிறத்தை ஒத்திருந்தமையால்தான் பால் கலந்த காப்பிக்குக் 'கப்புச்சினோ' என்னும் பெயர் வந்தது. இன்று அக்காப்பி என்ன விலைக்கு விற்கிறது என்பதை நகரத்துப் பிள்ளைகள் அறிவார்கள். ஏழையின் நிறம் விடுதிகளின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்த கதை அது.

அழகு என்றும் அவலம் என்றும் ஒரே குடும்பத்து வண்ணம் பெயர் வாங்குவதற்கு ஆஸ்திரேலியா ஒரு சான்று. 2012-ஆம் ஆண்டு அங்கே சிகரெட்டுப் பெட்டிகளைக் கண்டாலே வெறுப்புத் தோன்ற வேண்டும் என்று அரசு விரும்பியது. ஆய்ந்து பார்த்து அதற்கெனத் தேர்ந்தெடுத்த நிறமும் ஒரு கரும்பழுப்பே. ஆனால் அது பச்சை சாய்ந்த பழுப்பு. தேங்கிய குட்டையின் நிறம். கருப்பட்டியின் பழுப்பு சிவப்புச் சாய்ந்தது. கையகலத் தாளில் பார்க்கையில் இரண்டுக்கும் வேற்றுமை அதிகம் தோன்றாது. சுவர் முழுதும் பரவிய பின்னரே ஒன்று அணைக்கும், மற்றொன்று அச்சுறுத்தும். ஆதலின் வண்ண அட்டையைப் பார்த்து முடிவு செய்வது கூடாது என்று மகன் தாமே சொன்னார். ஒட்டுப்பலகை ஒன்றில் இரண்டு பூச்சுப் பூசிச் சுவரில் சாய்த்து வைத்து, காலையும் நண்பகலும் இரவும் பார்ப்பது என்று முடிவாயிற்று. தாயாரும் பார்ப்பதற்கு மட்டும் இசைந்தார்.

இரண்டு நாள் கழித்து இரவு நேரத்தில் நாம் மீண்டும் சென்றபோது மகன் சோர்ந்து அமர்ந்திருந்தார். பகலில் அழகாக இருந்த பலகை, விளக்கு ஏற்றியதும் சாம்பல் பூத்தாற்போலக் காட்சியளித்தது. "சாணி மெழுகின மாதிரி இருக்கு" என்று தாயார் தீர்ப்புக் கூறியிருந்தார். அவர் சொன்னதில் தவறில்லை.

இதன் காரணத்தைச் சற்று நின்று கூற விரும்புகிறோம். வானவில்லில் பழுப்பு இல்லை. பழுப்பு ஒளி என்று ஒன்றும் உலகில் இல்லை. ஆரஞ்சு நிறமே, தன்னைச் சுற்றியுள்ளவற்றைவிட மங்கலாக இருக்கும்போது நம் கண்ணுக்குப் பழுப்பாகத் தோன்றுகிறது. ஐயமுள்ளோர் வீட்டிலேயே சோதிக்கலாம். கருந்தாளைக் குழலாகச் சுருட்டி, நல்ல வெளிச்சத்தில் உள்ள ஒரு பழுப்புத் துணியை அதன் வழியே மட்டும் நோக்குங்கள். சுற்றியுள்ளவை மறைந்தவுடன் துணி ஆரஞ்சு சாய்ந்து தோன்றும். எனவே பழுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வேண்டும். கூரையும் கதவுநிலையும் வெண்மையாக இருந்தால்தான் சுவர் கருப்பட்டியாகத் தோன்றும். நான்கு புறமும் அதுவே சூழ்ந்து ஒளியும் குறைந்தால் வெறும் கருமையே மிஞ்சும். மேலும், அதற்குத் தக்க ஒளியும் வேண்டும். நம் வீடுகளில் எரியும் குழல்விளக்குப் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட நீலச்சாயல் வெண்மை. அதில் சிவப்புச் சாய்ந்த நிறங்கள் உயிரிழக்கின்றன. மகன் வண்ணம் பூசிய வீடுகளில் 2700, 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்குகள் இருந்தன. அந்த அறைகளில் இரவு தங்கியிராத அவர் அவ்விளக்குகளைக் கருதிப் பார்த்ததில்லை. மறுநாள் ஒரு மஞ்சள் விளக்கு வாங்கி மாட்டினார். பலகை உயிர்பெற்றது.

ஆயினும் முதியோர் கண்ணுக்கு அந்த மென்னொளி போதாது. 60 அகவையுடையவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 அகவையினருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண்நூலார் கணிப்பு. பாவை சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளிக்கிறது. 80 அகவையில் சொல்லவே வேண்டியதில்லை. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். கரும்பழுப்புச் சுவரோ ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை. இருட்டில் வைக்கப் பார்க்கிறான் என்று அம்முதியவள் அழுதது வெறும் பிடிவாதமன்று; அவருடைய கண் கண்டதையே வாய் சொன்னது. நான்கு சுவர் என்னும் திட்டத்தை மகன் கைவிட்டது இதை விளக்கிக் கூறிய பின்னரே.

நம் முன்னோர் இவ்வண்ணத்தை வீட்டுக்குள் கையாண்ட முறை வேறு. செட்டிநாட்டு இல்லங்களைப் பாருங்கள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும் கதவுகளும் உத்தரங்களும் எல்லாம் கரும்பழுப்பே. சுவரோ முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்பு, பாலைப்போல் வெண்மை. நடுவே வானம் பார்த்த முற்றம். ஒளி மேலிருந்து கொட்டும். மரம் தன் நிறத்தை அதில் காட்டும். முற்றம் இல்லாத 12-க்கு 14 அடி அறையில் அவ்வளவு பழுப்பையும் சுவரில் ஏற்றினால் என்னாகும்? ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. நம் பங்கு கடற்கரைப் பங்கு. நண்பகலில் வெண்மணலின் கூச்சத்திலிருந்து ஒரு நிழலான அறைக்குள் நுழைகையில் கண்ணுக்குக் கிடைக்கும் ஆறுதலை மீன்பிடித்து வருவோரைக் கேட்டால் சொல்லுவர். அதிகக் கூச்சமுள்ள ஊரில் சிறிது கருநிறம் வீட்டுக்குள் இருப்பது நல்லதே என்பது நம் கருத்து. வெளிச்சுவருக்குக் கருநிறம் பூசினால் வெயிலைக் குடித்து வீட்டைச் சுடச்செய்யும்; வெயில் படாத உட்சுவருக்கு அந்தக் குறை இல்லை.

எந்தச் சுவர் என்பதையும் மகனே ஆராய்ந்து சொன்னார். வாசலும் சன்னலும் கிழக்கில். சன்னல் உள்ள சுவருக்குக் கருநிறம் பூசினால், இருண்ட சுவரின் நடுவே சன்னல் மட்டும் கண்ணைக் குத்தும். வடக்குச் சுவரில் ஓதம் ஏறி, மழைக்காலந்தோறும் உப்புப் பூக்கிறது. வெள்ளையில் மறையும் உப்பு, கருநிறத்தில் தேமல்போலத் தெரியும். அதுவோ தாயாரின் கட்டிலை ஒட்டிய சுவர். அங்கு வெள்ளையே என்று முடிவானதில் யாருக்கும் தோல்வியில்லை. காலைவெயில் சன்னல் வழியே வந்து விழும் மேற்குச் சுவர் ஒன்றே கருப்பட்டி நிறத்திற்கு ஒதுக்கப்பட்டது. குழல்விளக்குத் தாயாரின் தலைமாட்டில் அப்படியே நின்றது; மஞ்சள் விளக்கு மேற்குச் சுவருக்கு.

அவர் வேலை செய்வதை ஒரு நாள் அமர்ந்து பார்த்தோம். கருநிறத்தில் சுவரின் குறை மறையும் என்று நாம் எண்ணியிருந்தோமாயின் அங்கே அது தீர்ந்திருக்கும். அவர் பட்டி பார்த்து உப்புத்தாள் தேய்த்தே இரண்டு நாள் போக்கினார். பக்கவாட்டில் ஒளி படும்போது கருநிறம் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடுமாம். கருவண்ணத்திற்கான மூலப்பூச்சில் வெண்பொருள் குறைவு. ஆகவே அடியிலுள்ள வெள்ளையை மறைக்க எளிதில் இயலாது. முதல் பூச்சாகிய பிரைமரிலேயே சிறிது பழுப்பைக் கலந்து அடித்தார். அதன்மேல் மூன்று பூச்சு. ஒரு பூச்சு நன்றாகக் காயும்வரை அடுத்ததைத் தொடவில்லை. மினுமினுப்பில்லாத வகையே இந்நிறத்திற்கு அழகு என்றார். ஆனால் கைபட்ட இடம் பளபளத்துத் தனித்துத் தெரியும், துடைத்தாலும் தடம் நிற்கும். வீட்டில் தவழும் பிள்ளையுள்ளோர் இதை எண்ணிக்கொள்ள வேண்டும்.

சுவர் காய்ந்து ஒரு கிழமை சென்றபின் நடந்ததை மருமகள் வந்து சொன்னார். அதுவரை இரவில் எழும் தாயார், விளக்குப் பொத்தானைத் தேடிச் சுவர் நெடுகத் தடவுவார். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பலகையைக் காண அவர் கண்ணால் இயலவில்லை. எத்தனையோ இரவு மருமகளைக் கூப்பிட நாணி, விடியுமட்டும் அப்படியே படுத்திருந்ததுண்டாம். மேற்குச் சுவரில் இருந்த அந்த வெண்ணிறப் பலகை இப்பொழுது கருப்பட்டி நிறத்தின் நடுவே தனித்துத் தெரிகிறது. அன்றிரவு யாரையும் எழுப்பாமல் தாமே சென்று விளக்கைப் போட்டுக்கொண்டார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, நமக்கும் தோன்றியிருக்கவில்லை. முதியோர் உள்ள வீட்டார் வண்ணம் எதுவாயினும் பொத்தான் பலகைக்கும் கதவுநிலைக்கும் படி விளிம்புக்கும் சுவரிலிருந்து வேறுபட்ட நிறம் கொடுப்பது எவ்வளவு நன்மை என்பதை அதன்பின் பல வீடுகளில் சொல்லி வருகிறோம்.

தாயாருக்கு அந்தச் சுவர் பிடித்துவிட்டது என்று எழுத இயலாது. "அவன் சுவரு" என்றே இன்றும் சொல்லுகிறார். கணவரின் படத்தை அதில் மாட்ட மகன் கேட்டதற்கு மறுத்துவிட்டார். அது வடக்குச் சுவரில், அவருடைய தலைக்கு நேரே, உப்புப் பூத்த வெள்ளையிலேயே தொங்குகிறது. மாலை வேளையில் மகன் வேலையிலிருந்து வந்து, கைலியைக் கட்டிக்கொண்டு, மேற்குச் சுவரைப் பார்த்தபடி சிறிது நேரம் சும்மா அமர்ந்திருக்கிறார். அவருக்கு அந்த நேரத்தில் காப்பி கொண்டுவரும்படி மருமகளிடம் சொல்லுபவர் தாயாரே.

பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. கதவு சன்னல்களில் உள்ள பழைய எனாமல் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் 10 இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பூசியவற்றை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூள், சிறு பிள்ளைகளின் மூளைக்குத் தீங்கு. நீர் நனைத்தே தேய்க்க வேண்டும். பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டில் விட வேண்டும். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இந்த மகனும் தம் குழந்தையை இரண்டு நாள் மாமியார் வீட்டிற்கு அனுப்பிவிட்டுத்தான் பழைய வாசற்கதவில் கைவைத்தார்.

கருநிறம் பூசியபின் எஞ்சிய வண்ணத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஓரிடத்தில் பெயர்ந்தால் ஒட்டுப்போட அதே கலவைதான் வேண்டும். வேறு நாளில் கலந்தது ஒட்டாகவே தெரியும். ஒரு சிறு தகரக் குப்பியில் ஊற்றி, இறுக மூடி, வண்ணத்தின் எண்ணையும் பூசிய தேதியையும் மூடியின்மேல் எழுதி, வெயில் படாத பரணில் வையுங்கள்.